கதவு சாத்தினால் பெரியப்பா ஏன் இன்னும் பதறுகிறார்?

போர்முனையிலிருந்து பெரியப்பா திரும்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் கதவு படாரென்று சாத்திக்கொண்டால் சுவரோடு ஒட்டிக் குனிந்துவிடுகிறார், மறப்பதற்கு இவ்வளவு காலம் போதாதா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

காலம் மட்டும் போதாது. பாவ்லோவின் நாயைப் பள்ளியில் படித்திருப்போம்: மணியடித்தபின் தீனி, பிறகு வெறும் மணிக்கே எச்சில். பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. தீனி தராமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். சரி, நாய் மறந்துவிட்டது என்று நினைப்போம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அடித்தால், மறுபடி ஊறும்! பழைய பாடம் அழியவே இல்லை. ‘இப்போது எதுவும் வராது’ என்ற புதுப் பாடம் அதை அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பயமும் அப்படித்தான். ‘படார் என்றால் குண்டு’ என்ற பாடம் மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதியில் பதிகிறது. ‘இது வெறும் கதவு’ என்று அதை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி. இரண்டுக்கும் சமமான போட்டி இல்லை என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். பயம் எங்கும் பரவும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாதுகாப்புப் பாடமோ கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் ‘இது எந்த இடம்’ என்று மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகாம்பஸ் சொன்னால்தான் அது வேலை செய்யும். சொந்த வீட்டில் கதவுச் சத்தத்துக்குப் பழகியவர் மருத்துவமனை வராந்தாவில் அதே சத்தத்துக்குப் பதுங்குவது இதனால்தான். தூக்கம் கெட்டால் முன்மூளையின் பிடி இன்னும் தளரும். போரிலிருந்து வந்த பலருக்குக் கெடுவதும் தூக்கம்தான்.

அஞ்சுகிற நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையும் பழைய பாடத்தை அழிப்பதில்லை, புதியதைப் பலப்படுத்துகிறது. அறைக்குள் மட்டும் செய்யாமல், நோயாளி தவிர்க்கும் இடங்களுக்கும் போய்ப் பழகச் சொல்வது அதனால்தான்.

‘அவருக்கு மனதைரியம் போதாது’ என்பவர்களுக்கு ஒரு தகவல். வியட்நாம் போருக்குப் போனவர்களையும், போகாத அவர்களுடைய ஒரே கருவிலிருந்து பிறந்த, ஒரே ஜாடை இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருந்தது. போர்முனையையே பார்க்காத அவர்களது இரட்டையருக்கும் அப்படியே! யாரை இது கடுமையாகத் தாக்கும் என்பதில் பிறப்பிலோ வளர்ப்பிலோ வந்த உடலமைப்புக்கும் பங்கு இருக்கிறது. தைரியத்தை எங்கே கொண்டுபோய் நுழைப்பது? முதல் உலகப் போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் பிரிட்டன் தன் படைவீரர்களையே சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2006இல். இப்படி அதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் பாதிப்புக்கு பி.டி.எஸ்.டி. என்ற பெயர் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியதே 1980இல்தான். பீரங்கிக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு துளி இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்திருந்தால் இவ்வளவு தாமதமாகியிருக்காது என்பது என் கட்சி.

வாசகிக்கு இன்னொன்று: பெரியப்பா தூக்கத்தில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். எட்ட நின்று, விளக்கைப் போட்டு, ‘பெரியப்பா, வீட்டில்தான் இருக்கீங்க’ என்று சொல்லுங்கள். எந்த இடம் என்பதுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது.