எரிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுங்கள்

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து குறும்படக்காரர்களுக்குத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். சென்ற வாரம் வந்த இளைஞர், தம் தாத்தாவின் ஒரே புகைப்படத்தை மின்னடுப்பில் வைத்து எரித்துப் படம்பிடித்திருந்தார். ஃபோகஸ் தவறிவிட்டதால், கருகுவதற்கு முந்தைய பிரேம்களிலிருந்து முகத்தை மீட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நெகட்டிவ் இல்லை. கைப்பேசியில் எடுத்திருந்த நகலிலோ ஃபிளாஷ் வெளிச்சம் முகத்தின் மீதே விழுந்திருந்தது. இப்படி என்னிடம் வருவதில் இவர் மூன்றாவது ஆள்.

மூவருமே காட்டிய முன்னுதாரணம் அமெரிக்கப் பரிசோதனைப் பட இயக்குநர் ஹாலிஸ் ஃபிராம்ப்டன் 1971-இல் எடுத்த 'நாஸ்டால்ஜியா' என்ற குறும்படம். அதில் மின்னடுப்பின் மீது ஒன்றன்பின் ஒன்றாக எரிபவை காகிதப் பிரிண்டுகள். பெரும்பாலானவை அவரே எடுத்த படங்கள். நெகட்டிவ் கையிலிருந்தால் ஒரு பிரிண்ட் போனாலும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடப்பதோ பெரும்பாலும் நெகட்டிவ் தொலைந்துபோன ஒற்றைப் பிரதி. அதைவிட முக்கியமாக, 'நாஸ்டால்ஜியா'வின் உயிர் நெருப்பில் இல்லை. திரையில் ஒரு படம் கருகிக்கொண்டிருக்க, குரல் அடுத்து வரப்போகும் படத்தை விவரிக்கிறது. எனவே பார்ப்பவர், கேட்பதை நினைவில் சுமந்துகொண்டே, காண்பதற்குரிய சொற்களைச் சற்றுமுன் கேட்டதிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. 'நான்' என்று பேசும் அக்குரல்கூட ஃபிராம்ப்டனுடையது அன்று, இன்னொரு திரைப்படக் கலைஞரான மைக்கேல் ஸ்னோவுடையது. தன்வரலாறு அந்த இடைவெளியில் நிகழ்கிறது, அதற்கு அடுப்பு எதற்கு? பிரெஞ்சு இயக்குநர் ஆக்னேஸ் வர்தா 1954-இல் தாம் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்து, அதிலிருந்தவர்களைத் தேடிப்போய், 1982-இல் 'யுலிஸ்' என்ற குறும்படத்தை எடுத்தார். படத்திலிருந்த சிறுவன் வளர்ந்து பெரியவனாகி, அந்த நாள் நினைவில்லை என்கிறான். எதையும் எரிக்காமலே மறதியைக் காட்டிவிட்டார்.

நெருப்பு வேண்டியே தீருமென்றால், ஸ்கேனிலிருந்து ஒரு பிரிண்ட் போட்டு அதை எரியுங்கள். வண்ணப் புகைப்படத் தாளில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, மூடிய அறையில் அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள். ஆறு அங்குல அகலப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் அகலத்தில் 1800 பிக்சல்தான் கிடைக்கும். 4கே திரைக்கு 3840 வேண்டும். முகத்தை நெருங்கிக் காட்டும் எண்ணமிருந்தால் 1200 டிபிஐ-க்குக் குறையாதீர்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தயவுசெய்து பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்தே கொண்டுவாருங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்குதான் பென்சிலில் எழுதப்பட்டிருக்கும்.

தாத்தா படத்தின் பின்னால் என்ன எழுதியிருந்தது என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். திருப்பிப் பார்க்கவில்லை என்றார்.