பெயர் சொன்னால் மட்டும் மதிப்பெண் வராது

தென்னாப்பிரிக்காவில் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் நெருங்கிவிட்டால், டர்பனில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளின் கையில் ஒரு தாள் இருக்கும். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (உயிரற்றதை மனிதர்போல் காட்டுவது), அலிட்டரேஷன் (அடுத்தடுத்த சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது) என்று வரிசையாக விளக்கங்கள். மனப்பாடம் கச்சிதம். விடை எழுதச் சொன்னால்தான் சங்கதி வெளியே வரும்.

‘டாக்ஸி இருமிக்கொண்டே மேடேறியது’ என்று பத்தியில் ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். பிள்ளை எழுதுவது: “பெர்சானிஃபிகேஷன். இது வாசகர் மனத்தில் ஒரு காட்சியை உருவாக்குகிறது.” இரண்டாவது வாக்கியத்தை எந்தக் கேள்விக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், அதனாலேயே அது எதற்கும் பதில் ஆகாது. இருமுவது யார்? நோயாளி, இல்லையென்றால் வயதானவர். அப்போது வண்டி பழையது, பாரமும் அதிகம், எழுதியவருக்கு அதன்மேல் கொஞ்சம் பரிதாபம். ‘உறுமிக்கொண்டு’ என்று இருந்தால் அதே வண்டிக்குத் திமிர் வந்திருக்கும். இதை எழுதினால் மதிப்பெண் உண்டு.

உவமை, உருவகம் தெரிந்த பெற்றோருக்கு சிமிலியும் மெட்டஃபரும் புதிதல்ல. ‘பிரிட்டோரியா முடிவெடுத்தது’ என்று ஊரைச் சொல்லி அரசைக் குறித்தால் மெட்டோனிமி, நம் ஆகுபெயர்தான். இவற்றில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதில்லை.

தடுமாறுவது யூஃபமிசத்தில். ‘செத்துப்போனார்’ என்பதற்குப் பதில் ‘காலமானார்’ என்கிறோமே, அது மங்கல வழக்கு என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் அதை மரியாதை என்று மட்டும் நினைத்துவிடுவார்கள். அப்போது நான் கரும்பலகையில் நம் நாட்டுச் சட்டங்களின் பெயர்களை எழுதுவேன். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த நம் இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அனுப்பிய 1950ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ‘குரூப் ஏரியாஸ் ஆக்ட்’ என்று பெயர். ஏதோ வரைபடம் போடும் வேலை போல. 1952இல் கறுப்பின மக்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் என்ற அனுமதிச் சீட்டுகளை ‘ஒழிக்கும்’ சட்டம் வந்தது. அதன்படி 16 வயதைத் தாண்டிய கறுப்பின மக்கள் எப்போதும் கையில் அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். 1959இல் பல்கலைக்கழகக் கல்வியை ‘விரிவாக்கும்’ சட்டம். வெள்ளையரல்லாதவர் அதுவரை சேர முடிந்த பல்கலைக்கழகங்களில் இனி அமைச்சரின் அனுமதி இல்லாமல் சேர முடியாது என்றது. ஒழிப்பு என்றால் கூடுதல், விரிவு என்றால் அடைப்பு! இது ஐரனி, அதாவது முரண்நகை இல்லையா என்று யாராவது கேட்பார்கள். அதுவும்தான். சட்டம் எழுதியவர் பக்கமிருந்து யூஃபமிசம், அனுபவித்தவர் பக்கமிருந்து ஐரனி. காரணம் சொல்லத் தெரிந்தால் எதை எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

மெட்ரிக்கில் ஆங்கிலத்தைத் தாய்மொழி நிலையில் எழுதும் ஹோம் லாங்குவேஜ் பாடத்தின் முதல் தாளில் மொழிப் பகுதிக்கு 30 மதிப்பெண். விளம்பரமும் கார்ட்டூனும் அங்கேதான் வரும். பயிற்சிக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். தவணைக்குச் சாமான் வாங்கிய கடையிலிருந்து வரும் கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். ‘உங்கள் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்’ என்று இருக்கும். பாக்கி கட்டு என்று ஏன் நேரே எழுதவில்லை, அப்படி எழுதினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டு, பதிலை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.