அரை மணி ஊரில் இரண்டு ஊர் வாட்ச்

போன மாதம் கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் யாங்கூனில் இருக்கும் என் வாட்ச் கடைக்கு வந்தான். கையில் புது சீக்கோ, இரண்டு ஊர் நேரம் காட்டும் ஜிஎம்டி வகை. "அண்ணே, இது சரியில்லாத வாட்ச். சிங்கப்பூர் ஏஜென்ட் பதினொரு மணிக்குப் பேசச் சொன்னார். இதைப் பார்த்துத்தான் போன் பண்ணினேன். அரை மணி லேட்டுன்னு திட்டுறார்" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். வாட்ச் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தப்பு வாட்சில் இல்லை, அவனிலும் இல்லை. நாம் குடியிருக்கும் ஊரின் நேரம் அப்படி.

கிரீன்விச்சை வைத்துக் கணக்குப் போட்டால் பர்மா ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. யாங்கூன் ஏறக்குறைய 96 பாகை கிழக்கில் இருப்பதால், சூரியனைப் பார்த்து வைத்தால் ஆறரைதான் பொருத்தம். சிங்கப்பூரும் மலேசியாவும் எட்டு, பாங்காக் ஏழு, துபாய் நாலு. யாரோடு கழித்தாலும் ஒரு அரை மணி மிச்சம் நிற்கும். (ஜப்பான்காரன் காலத்தில் இங்கே டோக்கியோ நேரம் ஓடியது. அதாவது ஒன்பது. விடியும் முன்பே கடிகாரம் விடிந்துவிடும்.)

ஜிஎம்டி வாட்சில் நாலாவதாக ஒரு முள் இருக்கும். அது நாளுக்கு ஒரே ஒரு சுற்றுச் சுற்றும், 24 மணி அளவில் இன்னோர் ஊரின் மணியைக் காட்டும். ஆனால் நிமிட முள் ஒன்றுதான், அது இரண்டு ஊருக்கும் பொது. நாலாவது முள்ளைத் திருப்பினால் மணி மணியாகத்தான் தாவும், அரை மணியில் நிற்காது. யாங்கூனில் காலை 9 என்றால் சிங்கப்பூரில் பத்தரை. முள்ளைப் பத்தில் வைத்தால் அரை மணி பின்தங்கும், பதினொன்றில் வைத்தால் அரை மணி முந்தும். தம்பி பத்தில் வைத்திருந்தான்.

இந்தியாவோடு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஐந்தரை, இங்கே ஆறரை. நேராக ஒரு மணி வித்தியாசம். இலங்கையும் அப்படியே. சென்னையிலோ காரைக்குடியிலோ சொந்தம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாட்ச் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. கடைக்கு வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஊர் நேரம் வேணும்?" என்பதுதான். பிராண்டு பேச்செல்லாம் அப்புறம்.

குறைந்த விலையில் ஆட்டோமேட்டிக் ஜிஎம்டி பரவியது 2022-க்குப் பிறகுதான். அதற்கு முன் இது பெரும்பாலும் பணக்காரக் கைகளின் சங்கதி. அந்த வருடம் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் 4ஆர்34 எஞ்சினோடு ஒன்று வந்தது. வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் சாவியை ஒரு கிளிக் இழுத்து ஒரு பக்கம் திருப்பினால் தேதி மாறும், மறுபக்கம் திருப்பினால் நாலாவது முள் தாவும். இன்னொரு ஜப்பான் கம்பெனியான மியோட்டாவின் 9075 எஞ்சின் வேறு மாதிரி. அதில் தாவுவது உள்ளூர் மணி முள். விமானத்தில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இதுதான் வசதி என்பார்கள். லண்டன்காரருக்கு வசதிதான். பாங்காக் நமக்கு அரை மணி தூரத்தில் இருக்கிறது. மணி மணியாகத் தாவும் முள் அங்கே என்ன செய்யும்? நிமிட முள்ளைத் திருப்பியே ஆக வேண்டும், திருப்பினால் ஊர் நேரம் அரை மணி பிசகிவிடும்.

தம்பிக்கு ஒரு வழி செய்து கொடுத்தேன். நாலாவது முள்ளை யாங்கூன் நேரத்திலேயே விட்டேன். சுற்றி இருக்கும் 24 மணி வளையத்தை இடப்பக்கமாக ஒன்றரை மணி அளவு திருப்பினேன். அந்த மாடலில் வளையம் கிளிக் இல்லாமல் வழுக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இங்கே ஒன்பது மணியாக இருக்கும்போது முள், வளையத்தில் பத்துக்கும் பதினொன்றுக்கும் நட்ட நடுவில் நிற்கும். நிமிடத்துக்கு மட்டும் முப்பதை மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் வளையம் முழு மணிக்கு மட்டும் கிளிக் ஆகிறது என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. கடையிலேயே திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கும்போது இன்னொரு சோதனையும் உண்டு. நாலு முள் இருப்பதெல்லாம் ஜிஎம்டி ஆகிவிடாது. சிலவற்றில் 24 மணி முள் உள்ளூர் மணி முள்ளோடு பூட்டப்பட்டிருக்கும், பகலா இரவா என்று காட்டுவதோடு சரி. சாவியை முதல் கிளிக்கில் வைத்துத் திருப்புங்கள். ஏதாவது ஒரு மணி முள் தனியாகத் தாவ வேண்டும். தாவவில்லையா, வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

என் மேஜைக்கு நிஜமான பழுதோடு வருபவை பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, இரவு ஒன்பது மணிக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையே சாவியால் தேதியை மாற்றியவை. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும், நாமும் திருப்பினால் அது உடையும். நின்றுபோன வாட்சை எடுத்தால், முள் பகலில் நிற்கிறதா இரவில் நிற்கிறதா என்று தெரியாது. முள்ளை முன்னே ஓட்டிக்கொண்டே வாருங்கள், தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அங்கிருந்து காலை ஆறுக்குக் கொண்டுவந்த பிறகு தேதியைத் தொடுங்கள். வெள்ளி இரவு ஒன்பதுக்குக் கழற்றி வைத்தால், 41 மணி நேரம் ஓடும் எஞ்சின் ஞாயிறு மதியம் இரண்டு மணி வாக்கில் நின்றுவிடும். எனவே இந்த வேலை அடிக்கடி வரும்.

இரண்டாவது ரகம், தஜாங் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்தவை. நமக்குச் சித்திரைப் பிறப்பும் அதே வாரத்தில் வந்துவிடும், கோயிலுக்குப் போகிறவரும் நனையாமல் வீடு திரும்ப மாட்டார். '100 மீட்டர்' என்று பின்மூடியில் பொறித்திருப்பது புது ரப்பர் வளையத்துக்கும், உள்ளே அழுத்திய சாவிக்கும்தான் பொருந்தும். தேதி மாற்றிவிட்டுச் சாவியை உள்ளே தள்ள மறந்தால், நூறு மீட்டர் என்ன, ஒரு வாளித் தண்ணீரே போதும். கண்ணாடிக்குள் பனி தெரிந்தால் வெயிலில் வைக்காதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள். அன்றைக்கே கடைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்து வந்தால் நான் துருவைத்தான் துடைக்க முடியும்.

நாளுக்குப் பத்து இருபது விநாடி கூடுதோ குறையுதோ என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். 4ஆர்34-க்கு சீக்கோ சொல்லும் வரம்பே நாளுக்கு +45 முதல் −35 விநாடி வரை. திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் மட்டும் காந்தம் ஏறியிருக்கும். போன் ஸ்பீக்கர் மேல் வைத்திருப்பீர்கள். காந்தம் எடுக்க ஒரு நிமிடம் போதும்.

என் வியாபாரத்துக்கு விரோதமாக ஒன்று சொல்கிறேன். சரியான நேரம் மட்டும் போதும் என்றால் கேசியோ ஏஇ-1200 வாங்குங்கள். 31 நேர மண்டலம், யாங்கூன் அரை மணியும் அதில் அடக்கம், பேட்டரி பத்து வருடம் வரும். தம்பியிடமும் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தன் சீக்கோவைக் கட்டிக்கொண்டான். மறுநாள் போன் வந்தது. "அண்ணே, கப்பல் கொழும்புக்குப் போகுதாம். வளையத்தை எந்தப் பக்கம் திருப்பணும்?"

"வளையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டு வா தம்பி. முள்ளை மட்டும் ஒரு மணி பின்னால தள்ளு" என்றேன்.