கருத்தடை: சொல் விளக்கம்

‘கருத்தடை’யைக் கருத்து + அடை என்று பிரித்து விளையாடலாம். பிரிக்க வேண்டியது கரு + தடை. கருத்தரிப்புத் தடை என்று விரித்தால் பொருள் நேராக விழும்: கரு தரிக்கவிடாமல் செய்வது. தரித்ததை நீக்குவது கருக்கலைப்பு. அதற்கு மருந்தும் வேறு, சட்டமும் வேறு.

கருத்தடை மாத்திரையோடு ஒட்டிவரும் ‘ஹார்மோன்’ 1905இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் வழக்குக்குக் கொண்டுவந்த சொல். தூண்டிவிடுதல் என்னும் பொருளுள்ள கிரேக்க வேர். தமிழில் இயக்குநீர். ‘இயக்கு’ பொருத்தம், ‘நீர்’தான் இடறுகிறது, மாத்திரையில் ஏது நீர்? ‘இயக்குநீர்க் கருத்தடை’ என்று கட்டுரையில் எழுதலாம். மருந்துக்கடையில் கேட்டால் டானிக் பாட்டில்தான் கைக்கு வரும். பேச்சுக்கு ஹார்மோன் மாத்திரையே போதும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் என்ற ஹார்மோன் கருத்தடை அட்டையில் 28 மாத்திரை. 21இல் மட்டுமே ஹார்மோன்: ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி. மீதி 7 வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலை அடக்குவதால் சினைமுட்டை வெளிவருவதில்லை. தடைபடுவது முதலில் முட்டைதான், கரு அல்ல. ‘முட்டைத் தடை’ என்பது இன்னும் சரியான பெயர்; ஆனால் சத்துணவுக் கூடத்துச் சண்டைபோல ஒலிக்கும்.

ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு வழக்கம்போலத் தொடரலாம். அடுத்தடுத்து இரண்டு, மூன்று விட்டுப்போனால் 7 நாள் ஆணுறையும் வேண்டும். பெரிய ஆபத்து, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது: ஹார்மோன் இல்லாத இடைவெளி 7 நாளைத் தாண்டினால் சினைப்பை விழித்துக்கொள்ளும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுபவருக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் இது ஏற்றதல்ல.

அரசு தரும் ‘சாயா’ கருத்தடை மாத்திரையையும் ஹார்மோன் மாத்திரை என்கிறார்கள். தவறு. அது சென்ட்குரோமன் 30 மி.கி., ஹார்மோன் அல்ல. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை.

இன்னொரு குழப்பம் கோயில் கொடை (ஊர்த் திருவிழா) சமயத்தில் வரும். “அண்ணாச்சி, கொடைக்குத் தள்ளிப்போட மாத்திரை தாங்க” என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் நோரெத்திஸ்டிரோன் 5 மி.கி. தீட்டு எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்கி, தினம் 3 வேளை; நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தீட்டு வரும். இது தள்ளிப்போடும் மருந்து. இந்த முறையில் எடுக்கும்போது கருத்தடையாக நம்பக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் வாங்குவதும் சரியல்ல. இரத்தம் உறையும் கோளாறு உள்ளவருக்கு ஆகாது.

நெல்லைப் பக்கம் ‘அவ முழுகாம இருக்கா’ என்றால் கர்ப்பம். மாதம் தவறாமல் தலைமுழுகுவது நின்றதே அடையாளம். ஹார்மோன் இந்தச் சொல்லைக் குழப்பிவிட்டது. மாலா-என் எடுப்பவர் மாதாமாதம் முழுகுவார். ஆனால் அந்த இரத்தப்போக்கு ஹார்மோன் 7 நாள் நின்றதால் வருவது, முட்டை வெளிவந்ததால் அல்ல. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியில் (மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 150 மி.கி.) நேர்மாறு. முதலில் திட்டுத்திட்டாகப் படும், போகப்போகப் பலருக்குத் தீட்டே நின்றுவிடும். ஊசி தேதி தவறாமல் போட்டிருந்தால் அவள் முழுகாமல்தான் இருக்கிறாள், ஆனால் முழுகாம இல்லை. இதை வீட்டு ஆச்சிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.