ரோட்டவேட்டர் மானியம்: நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் சிவப்பு டிராக்டர் வைத்திருப்பவர், அதன் பின்னால் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரும் சிவப்பாகத்தான் கேட்பார். நீல வண்டிக்காரருக்கு நீலம். ஆசைதான், தப்பில்லை. ஆனால் டீலர் பக்கம் கணக்கைப் பாருங்கள்: 5, 5½, 6 அடி என்று மூன்று அளவு, ஒவ்வொன்றிலும் நான்கு நிறம் என்றால் 12 கருவி. அத்தனை பணத்தை முற்றத்தில் முடக்கிப் போட யாராலும் முடியாது. "சிவப்பு வர இருபது நாள் ஆகும்ணா" என்ற பதில் வருவது இதனால்தான்.

வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் மானியத்தில் நிறத்துக்கு இடமே இல்லை. எந்த நிறுவனம், எந்த மாடல், எந்த அளவு என்பதுதான் கணக்கு. சிறு, குறு விவசாயிகள் (5 ஏக்கருக்குள்), பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயியாக இருந்தால் மாநில அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. இது கடை விலையில் அப்படியே பாதி கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் உச்ச வரம்பு உண்டு. சதவீதக் கணக்கு, உச்ச வரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும்.

உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். ஆதார், சிட்டா, அடங்கல், வங்கி பாஸ்புக், போட்டோ, சிறு குறு விவசாயி சான்று, தேவைப்பட்டால் சாதிச் சான்று, டிராக்டரின் ஆர்.சி. புத்தகம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கருவியை எடுக்க வேண்டும். முன்பே வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் மானியம் கிடைக்காது. இதில் ஏமாந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அனுமதி வந்த பிறகு நிறத்துக்காக நாளைக் கடத்தாதீர்கள். நிதி ஒதுக்கீடு மார்ச் 31-ஓடு முடிகிற கணக்கு. மழை அதற்கும் காத்திருக்காது. கொள்ளும் ராகியும் விதைக்கிற செம்மண்ணில், அதுவும் கல் கலந்த நிலத்தில், ஒரு பட்டம் ஓட்டினாலே அடித்தகட்டில் பெயிண்ட் போய் வெறும் இரும்பு பளபளக்கும். நிறம் பார்க்கிற நேரத்தில் உங்கள் வண்டியின் எச்.பி.க்கு அந்த அளவு ஒத்துவருமா என்று பாருங்கள்.

பில்லையும் படியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உழவுக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. டீலர் அதற்கு முன் 12 கட்டி இறக்கிய பழைய ஸ்டாக்காக இருந்தாலும் உங்கள் பில்லில் 5 தான் இருக்க வேண்டும்.

அப்புறம், கருவியில் அடித்திருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். மாடலும் வரிசை எண்ணும் பில்லோடு ஒத்துப்போக வேண்டும். நீங்கள் கேட்ட நிறத்துக்காகக் கடையிலேயே புதிதாக பெயிண்ட் அடித்துக் கொடுத்தால், தகட்டின் மேல் பெயிண்ட் ஏறாமல் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துறையிலிருந்து ஆய்வுக்கு வருபவர் தேடுவது அந்த எண்ணைத்தான்.