பாலிதீயிசமும் பான்தீயிசமும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வயலோரங்களில் வேடியப்பன் கோயில்களைப் பார்த்திருப்பீர்கள். பல கோயில்களில் உள்ளே இருப்பது நடுகல். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரனுக்கு நட்ட கல், நாளடைவில் சாமியாகிவிட்டது. அதே ஊரில் மாரியம்மனுக்குத் தனிக் கோயில், முனியப்பனுக்குத் தனிப் பொங்கல். கடவுளர் பலர், ஒருவர் மற்றவர் அல்லர் என்று நம்புவதுதான் பாலிதீயிசம்.

கிரேக்கத்தில் 'பொலி' என்றால் பல, 'தியோஸ்' என்றால் கடவுள். முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபைலோவின் எழுத்தில் இந்தச் சொல் வருகிறது. 1580இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போதன் அதைப் பிரெஞ்சில் எழுதினார். இது பல தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அல்ல. ஒரே கடவுள் என்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர். ஆகவே நம் ஊர்ச் சாமிகள்மேல் இதை ஒட்டுமுன் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூன்று கோயிலுக்கும் போய்வந்துவிட்டு, "எந்தப் பேரைச் சொல்லிக் கும்பிட்டா என்ன, சாமி ஒண்ணுதானே" என்று சொல்லும் பாட்டிகள் இங்கே உண்டு. அவர்கள் செய்வது பல தெய்வ வழிபாடு. ஆனால் அவர்கள் நம்புவது வேறு. அதனால் பாலிதீயிசத்துக்குத் தமிழில் 'பல கடவுட் கொள்கை' என்பதே சரி. 'வழிபாடு' என்று போட்டால் செயலும் நம்பிக்கையும் கலந்துவிடும்.

சரி, பான்தீயிசம்? 'பான்' என்றால் எல்லாம். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்: 'எல்லாக் கடவுளர்களும்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமிலுள்ள பாந்தியன் கோயிலின் பெயரும் இதே இரண்டு வேர்களிலிருந்து வந்தது, அதற்கு அந்தப் பொருள் உண்டு என்பதால் வரும் குழப்பம் இது. பான்தீயிசத்தின் பொருள் வேறு: இருப்பவை எல்லாமே கடவுள். 1697இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜோசப் ராஃப்சன் லத்தீனில் இச்சொல்லைப் பயன்படுத்தினார். 1705இல் அயர்லாந்துச் சிந்தனையாளர் ஜான் டோலண்ட் ஆங்கிலத்தில் 'பான்தீயிஸ்ட்' என்று எழுதினார். இந்தக் கொள்கைக்கு முதலில் சொல்லப்படும் பெயர் டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசா. 'கடவுள் அல்லது இயற்கை' என்று எழுதிய அவர், இந்தச் சொல் வருமுன், 1677இலேயே இறந்துவிட்டார்.

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் காவிரியைத் தாயென்று கும்பிட்டால் அவள் பல தெய்வங்களில் ஒருத்தி. நீரும் பாறையும் சாரலும் பரிசலும், முங்கி எழும் நானும் அந்தக் கடவுளே என்றால் அது பான்தீயிசம். அப்புறம் அங்கே ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கு எதுவுமில்லை.

'தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார்' என்பதைப் பான்தீயிசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தூணில் இருப்பது வேறு, தூணாகவே இருப்பது வேறு. அந்த 'இல்' உருபு கடவுளையும் தூணையும் இரண்டாக வைத்துவிடுகிறது.

பான்தீயிசத்தைத் தமிழில் 'எல்லாம் கடவுள் கொள்கை' என்றும் சொல்லலாம், பொருள் கெடாது. எனக்குப் பிடித்தது 'அனைத்திறைக் கொள்கை'. அனைத்து, இறை என்ற இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுவது பொருளுக்கும் பொருந்துகிறது. 'அனைத்து' என்ற சொல்லுக்குப் பழைய உறவும் இருக்கிறது. பரிபாடலில் திருமாலைப் பார்த்து, தீயில் சூடு நீ, பூவில் மணம் நீ என்று அடுக்கிக்கொண்டே போய், "அனைத்தும் நீ" என்கிறார் புலவர். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. "அனைத்தின் உட்பொருளும் நீ" என்று உடனே சேர்க்கிறார். முதல் பாதி மட்டும் இருந்தால் அது அனைத்திறைக் கொள்கை. இரண்டாவது பாதியையும் சேர்த்தால் ஸ்பினோசாவின் சட்டகத்துக்குள் அந்தப் பாடல் அடங்காது.