‘வரலாற்றில் இன்று’: திருகோணமலைக்குத் திகதி குறிக்கும்போது

நம் ‘வரலாற்றில் இன்று’ பலகைக்குத் திருகோணமலை நிகழ்வுகளைப் பட்டியலிடுவோர் கவனிக்க வேண்டியவை இவை. பாடசாலைக் காலைக் கூட்டத்திலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆண்டுதோறும் சுற்றிவரும் ஒரு வரி: “1622 ஏப்ரல் 14, கோணேசர் ஆலயம் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது.” மரபு சொல்வது, சித்திரைப் புத்தாண்டு நாளில் இடித்தார்கள் என்பது. ஏப்ரல் 14 என்பது யாரோ இன்றைய நாட்காட்டியைப் பார்த்து ஒட்டியது. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். அறுபது, எழுபது ஆண்டில் அது ஒரு நாளாகிவிடும். நானூறு ஆண்டு பின்னால் போனால், புத்தாண்டு ஏறத்தாழ 6 நாள் முந்தியே பிறந்திருக்கும். போதாததற்கு, ஆண்டையே 1622 என்றும் 1624 என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். ஆகவே இதை ஏப்ரல் 14இன் கீழ் போடக்கூடாது. சித்திரை முதல் நாளின் கீழ், “மரபுப்படி” என்ற சொல்லோடு போடலாம். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால், நம் பெரும் இழப்பு ஒன்றை எளிதில் மறுக்கக்கூடிய திகதியின் மேல் நாமே நிறுத்தியவர்களாவோம்.

முற்றுகைகளில் சிக்கல் வேறு. 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்த நாள் எது? நகரக் கோட்டை பணிந்தது ஓகஸ்ட் 26. ஒஸ்தன்பேர்க் கோட்டை பணிந்தது ஓகஸ்ட் 31. இரண்டும் சரியே. எந்தக் கோட்டை என்று சொல்லாமல் “திருகோணமலை வீழ்ந்தது” என்று எழுதுவதுதான் பிழை. 1782 இன்னும் குழப்பமானது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர், ஓகஸ்ட் முடிவில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர், செப்டெம்பர் 3இல் துறைமுகத்துக்கு வெளியே கடற்போர். “திருகோணமலைப் போர், 1782” என்று மட்டும் எழுதினால் வாசகர் மூன்றில் எதை எடுப்பார்?

பழைய ஆங்கிலக் குறிப்புகளைக் கையாளும்போது நாட்காட்டியையும் கவனியுங்கள். இங்கிலாந்து 1752இல்தான் இன்றைய கிரகோரியன் நாட்காட்டி என்ற புதிய முறைக்கு மாறியது; போர்த்துக்கேயர் முன்பே மாறிவிட்டார்கள். 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் போன்றவர்களின் திகதிகள் அக்காலப் போர்த்துக்கேயத் திகதிகளுக்கு 10 நாள் பின்தங்கியவை. அவர்களுடைய ஆண்டும் மார்ச் 25இல்தான் பிறந்தது. பெப்ரவரிக் குறிப்பென்றால் ஆண்டெண்ணே ஒன்று குறைந்திருக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இல்லையேல் “பழைய முறை” என்று குறியுங்கள். பாதி மாற்றிய பட்டியலைப் பின்னால் வருபவர் திருத்தவே முடியாது.

இடம் பற்றியும் ஒரு சொல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. மூழ்கிய இடம் மட்டக்களப்புக் கடல். தாக்குதலுக்குத் தப்ப முதல் நாள் இரவு இங்கிருந்து வெளியேறிய கப்பல் என்பதால் நம் பட்டியலில் அதற்கு இடமுண்டு, ஆனால் “திருகோணமலையில் மூழ்கியது” என்று எழுத முடியாது. எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852 ஒக்டோபர் 7இல் பர்மாவில் இறந்தார். அவருடைய கல்லறைதான் இங்கே இருக்கிறது. ‘திருகோணமலி’ என்ற போர்க்கப்பலோ 1817இல் பம்பாயில் கட்டி நீரில் இறக்கப்பட்டு, இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. பெயர் மட்டும் நம்முடையது. அது இல்லாவிட்டால் பட்டியலுக்குக் குறையொன்றும் இல்லை.

திருஞானசம்பந்தர் குருபூசை போன்றவற்றை நிலையான பட்டியலில் சேர்க்காதீர்கள். அது வைகாசி மாத மூல நட்சத்திர நாள். ஆங்கிலத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தனியே அறிவிப்பதே முறை.

அண்மைக்கால நிகழ்வுகளுக்குப் பத்திரிகையே முதல் சான்று. ஆனால் பத்திரிகையின் திகதி நிகழ்வின் திகதி அல்ல. செய்திக்குள் “நேற்று”, “நேற்று முன்தினம்” என்று இருப்பதைத் தேடி, பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்துப் பதிவுகள் ஒரு சான்றுக்குத்தான் சமம். மூதூரில் 17 மனிதாபிமான உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டது 2006 ஓகஸ்ட் 4. உடல்கள் பற்றிய செய்தி வெளியே வந்தது அதற்குப் பிறகு. செய்தி வந்த நாளை நினைவு நாளாகப் போட்டால், வீட்டில் விளக்கேற்றும் குடும்பத்தின் நாளும் நம் பலகையின் நாளும் வேறாகிவிடும். அதே ஆண்டு ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டதை எழுதும்போதும் எண்ணிக்கை, இடம், நாள் மூன்றையும் சரிபார்த்த பின்பே பலகையில் ஏற்றுங்கள்.